இறங்கும் இடத்தைப் பார்த்துத்தான் பலூனை ஏற்ற வேண்டும்

வானிலை பலூனில் கேமராவைக் கட்டி 28 கிலோமீட்டர் உயரத்துக்கு அனுப்ப நினைக்கிறவர்கள் முதலில் கேட்பது எந்த கேமரா என்றுதான். மலேசியாவில் முதலில் கேட்க வேண்டியது பெட்டி எங்கே விழும் என்பது. இங்கே ஒரு பயணத்தைத் தீர்மானிப்பவை காற்றும் ஈரமும்.

ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்றுக் காலம். தரையில் மேற்கிலிருந்து காற்று வீசினாலும், 12 கிலோமீட்டருக்கு மேலே கிழக்குக் காற்று வேகமாக ஓடும். வினாடிக்கு 5 மீட்டர் ஏறும் பலூன் 12-லிருந்து 20 கிலோமீட்டரைக் கடக்க ஏறத்தாழ அரை மணி ஆகும். அங்கே காற்று வினாடிக்கு 20 மீட்டர் என்றால் அந்த அரை மணியிலேயே 36 கிலோமீட்டர் மேற்கே போய்விடும். கோலாலம்பூரிலிருந்து கிள்ளான் கடற்கரை ஏறத்தாழ 40 கிலோமீட்டர்தான். பினாங்குத் தீவிலிருந்து விடுவதைப் பற்றி யோசிக்கவே வேண்டாம். அதற்கும் மேலே, அடுக்கு மண்டலத்தில், காற்று ஏறத்தாழ 28 மாதச் சுழற்சியில் கிழக்கும் மேற்குமாகத் திசை மாறும். அதனால் போன வருடம் வேறொருவர் விட்ட பாதையை நம்பி இந்த வருடம் விட முடியாது.

கோலாலம்பூர்க் குழுக்களுக்கு நாங்கள் சொல்வது பகாங், அதிலும் தெமர்லோ பக்கம். அங்கிருந்து இரு கடற்கரைக்கும் 100 கிலோமீட்டருக்கு மேல் நிலம் இருக்கிறது. மேற்கே போனால் தித்திவங்சா மலைக்காடு, அங்கே விழுந்தால் எடுப்பது சிரமம். ஆகவே மேல்காற்று மெதுவாக இருக்கும் ஏப்ரல், மே அல்லது அக்டோபரில் ஒரு நாளைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அந்த மாதங்களில் பிற்பகல் இடிமழை நிச்சயம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். காலை 8 மணிக்கெல்லாம் பலூன் கையை விட்டுப் போயிருக்க வேண்டும். பங்குனி உத்திரத்தை ஒட்டிய நாள்கள் மட்டும் வேண்டாம். மாரான் மரத்தாண்டவர் கோயிலுக்குப் போகும் வாகனங்களுக்கு இடையில் பெட்டியைத் துரத்த முடியாது.

மலேசிய சிவில் விமானப் போக்குவரத்து ஆணையமான சிஏஏஎம் அனுமதி இல்லாமல் விடக்கூடாது. 4 கிலோவுக்குக் குறைந்த சுமை சர்வதேச விதிகளில் இலகு வகை, ஆனாலும் மேலே விமானங்கள் பறக்கின்றன. விண்ணப்பத்தில் விடும் இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை, நேரம், பலூன் எடை, சுமை எடை, ஏறும் வேகம், வெடிக்கும் உயரம், இறங்கும் பகுதி எல்லாவற்றையும் எழுதுங்கள். ஒரே ஒரு தேதியைக் கேட்காமல் ஒரு வாரமாகக் கேளுங்கள். பலூன் போகும் பாதையைக் கணிக்கும் சோண்ட்ஹப் இணையதளத்தை ஐந்து நாள் முன்பிருந்தே தினமும் ஓட்டிப் பார்த்து, கடலையோ மலையையோ தொடாத நாளில் மட்டும் விடலாம்.

இனி வாயு. 600 கிராம் பலூன், பெட்டியும் பாராசூட்டும் சேர்த்து 700 கிராம் என்று வைத்துக்கொள்வோம். வினாடிக்கு 5 மீட்டர் ஏற, பலூனின் கழுத்து 1.5 கிலோவைத் தூக்க வேண்டும். அதற்கு ஹீலியம் ஏறத்தாழ 2.1 கன மீட்டர். சிலிண்டரின் அழுத்தமானியைப் பார்த்து நிரப்பாதீர்கள். அலங்கார பலூன்களுக்கு விற்கும் வாயுவில் காற்றும் கலந்திருக்கலாம், கன அளவு சரியாக இருந்தும் தூக்கும் விசை குறையும். நம்பகமான அளவுகோல் தண்ணீர்ப் போத்தல். நிரப்பும் குழாயின் முனையையும் போத்தலையும் சேர்த்து சமையல் தராசில் சரியாக 1.5 கிலோ வரும்வரை தண்ணீரை ஊற்றிக் குறைத்துச் சரிசெய்து, பலூன் கழுத்தில் தொங்கவிடுங்கள். போத்தல் தரையை விட்டு எழும்பி, ஏறாமலும் இறங்காமலும் நிற்கும் நொடியில் வால்வை மூட வேண்டும். காற்றடிக்கும் திறந்த வெளியில் இந்த அளவு வராது, மண்டபத்துக்குள்ளோ கட்டட மறைவிலோ செய்யுங்கள்.

இதில் 300 கிராம் குறைந்தால் வேகம் வினாடிக்கு 4 மீட்டராகி, ஒன்றரை மணி நேர ஏற்றம் 2 மணி நேரமாக நீளும். அந்தக் கூடுதல் அரை மணிதான் நிலத்தில் விழ வேண்டியதைக் கடலுக்குக் கொண்டுபோகும். கூடுதலாக நிரப்பினால் வேகமாக ஏறி, தாழ்வாகவே வெடிக்கும். தரையில் 1.6 மீட்டர் விட்டம் இருக்கும் பலூன் மேலே 6 மீட்டருக்கு விரிந்து கிழியும்.

பாராசூட் 90 சென்டிமீட்டர், விரிந்த நிலையிலேயே பலூனுக்கும் பெட்டிக்கும் நடுவில் கட்டப்படும். பலூன் கழுத்திலிருந்து பாராசூட் வரை 5 மீட்டர் கயிறாவது விடுங்கள். குறைத்தால் கிழிந்த ரப்பர் பாராசூட்டைச் சுற்றிக்கொள்ளும்.

அடுத்தது ஈரம். வெப்பமண்டலத்தில் 17 கிலோமீட்டர் அருகே குளிர் மைனஸ் 80 டிகிரி வரை போகும், ஐரோப்பா வானத்தைவிட அதிகம். நம் ஊர்க் காற்றைப் பெட்டிக்குள் அடைத்து அனுப்பினால், அதிலுள்ள நீராவி லென்ஸிலேயே படிந்து உறையும். படம் முழுக்கப் பால்வெள்ளை. முந்தைய இரவே ஏர்கான் அறையில் எல்லாவற்றையும் பொருத்தி, சிலிக்கா ஜெல் பொட்டலங்கள் போட்டு மூடிவிடுங்கள். லென்ஸுக்கு முன்னால் கண்ணாடியோ பிளாஸ்டிக்கோ வேண்டாம், லென்ஸ் துளையில் வெளியே எட்டிப் பார்க்கட்டும். பெட்டிக்கு மீன்கடை பாலிஸ்டைரின் போதும், சுவர் 2.5 சென்டிமீட்டர். கருவிகளுக்கு லித்தியம் ஏஏ பேட்டரி, சாதாரண அல்கலைன் குளிரில் படுத்துவிடும். 5 வினாடிக்கு ஒரு படம், ஷட்டர் 1/1000-க்குக் குறையக்கூடாது, பெட்டி சுழன்றுகொண்டே இருக்கும். 28 கிலோமீட்டரிலிருந்து அடிவானம் ஏறத்தாழ 600 கிலோமீட்டர் தூரம். மேகம் விட்டுக்கொடுத்தால் மலாக்கா நீரிணையும் தென்சீனக் கடலும் ஒரே பயணத்தில் கிடைக்கும்.

ஜிபிஎஸ் கருவி யூப்ளாக்ஸ் நிறுவனத்தது என்றால், உயரப் பறப்பவற்றுக்கான ஏர்போர்ன் நிலைக்கு மாற்றியே ஆக வேண்டும். மாற்றாவிட்டால் 12 கிலோமீட்டரோடு இருப்பிடம் நின்றுபோகும். இருப்பிடத்தைத் தரைக்கு அனுப்ப, அமெச்சூர் வானொலி உரிமம் உள்ளவர் இருந்தால் ஏபிஆர்எஸ் என்ற வானொலி முறை, இல்லையென்றால் மலேசியத் தொடர்பு, பல்லூடக ஆணையமான எம்சிஎம்சி அனுமதித்த அலைவரிசையில், குறைந்த மின்சக்தியில் தொலைதூரம் போகும் லோரா. சிம் போட்ட கருவி இரண்டாவதாக இருக்கட்டும். மேலே அது உதவாது, தரைக்கு அருகே வானொலி மறைந்த பிறகு அதுதான் பேசும்.

விழுவது பெரும்பாலும் செம்பனைத் தோட்டத்தில். முதலில் தோட்ட அலுவலகத்தில் சொல்லி, மண்டோரை (தோட்டக் கண்காணியை) கூட்டிக்கொண்டு உள்ளே போங்கள். கயிறு மட்டையில் மாட்டியிருந்தால் குலை வெட்டும் நீளக் கம்புக்காரர் உதவியில்லாமல் இறக்க முடியாது. பெட்டிமேல் தொலைபேசி எண்ணும், மலாயில் 'திடாக் பெர்பஹாயா' (ஆபத்தில்லை) என்றும் பெரிதாக எழுதியிருக்க வேண்டும். வயர் தொங்கும் பெட்டியைப் பார்த்து யாரும் பயப்படக்கூடாது. எடுத்தவுடன் திறக்காதீர்கள். பெட்டி குளிர்ந்திருக்கும், வெளிக்காற்று பட்டால் கேமரா உள்ளேயும் வியர்க்கும். ஒரு மணி நேரம் நிழலில் மூடியபடியே வைத்து, பிறகு மெமரி கார்டை மட்டும் கழற்றுங்கள். கேமராவை இயக்குவது வீட்டுக்கு வந்து காய்ந்த பிறகு.