குசினி வாசலில் நின்ற ஏழு கிழமை

ஆடிப்பிறப்பன்று தொடங்கியது இது. கூழுக்கு மா உருண்டை பிடிக்கப் பிள்ளைகளைக் கூப்பிட்டேன். மகளுக்கு 11 வயது, மகனுக்கு 8. வழக்கமாக நாலு உருண்டை பிடித்துவிட்டு ஓடிவிடுவார்கள். இந்த முறை மகள் போகவில்லை. பனங்கட்டி கரைவதையும், பயறு அவிந்துவிட்டதா என்று நான் விரலால் நசித்துப் பார்ப்பதையும் கவனித்துக்கொண்டே நின்றாள். பிறகு, "அம்மா, நாங்கள் தனியச் சமைச்சுப் பார்க்கட்டோ?" என்று கேட்டாள். மகன் உடனே, "கேக் செய்வம்" என்றான்.

சரி என்றேன். எனக்கு நானே ஓர் ஒழுங்கு வைத்துக்கொண்டேன். அவர்கள் கேட்காமல் நான் கை வைப்பதில்லை. ஆபத்து என்றால் மட்டும் வாய் திறப்பேன். அம்மா பக்கத்தில் நின்று கரண்டியை வாங்கிக்கொண்டே இருந்தால் பிள்ளை எந்த வயதிலும் சமைக்கப் பழகாது என்று எனக்குப் படுகிறது.

கேக் பொறுத்திருக்க வேண்டி வந்தது. நல்லூர்க் கந்தசுவாமி கோயில் திருவிழாவுக்குக் கொடி ஏறினால் 25 நாளும் எங்கள் வீட்டில் சைவம், முட்டையும் வாங்குவதில்லை. மகனுக்கு முகம் சுருங்கிவிட்டது. இப்போது யோசித்தால் அந்தத் தாமதம் நல்லதாகவே போயிற்று. அதனால்தான் புட்டில் தொடங்கினோம்.

அதற்கு முன் ஒரு கிழமை அடுப்போடு பழகினார்கள். 2021 கடைசியில் பல வீடுகளில் காஸ் அடுப்பு வெடித்ததாக வந்த செய்திகளைக் கேட்ட பயம் எனக்கு இன்னும் போகவில்லை. அதனால் பற்றவைப்பதற்கு முன் மணம் வருகிறதா என்று பார்ப்பதும், யன்னலைத் திறப்பதும், வேலை முடிந்ததும் சிலிண்டரையும் பூட்டுவதும் மகளின் பொறுப்பு. மகன் அடுப்பைத் தொடுவதில்லை. கொதிதண்ணீரும் தூக்குவதில்லை. அவனுக்குத் தேங்காய் திருவுகிற வேலை. திருவலையில் இருந்து சிரட்டையை மெல்லச் சுற்றிச் சுற்றித் திருவப் பழக நாலு நாள் எடுத்தது. முதல் நாள் தேங்காய்ப்பூவில் பாதி சிரட்டைத் தூள்.

புட்டுக்கு மாமிதான் குரு. வறுத்த சிவப்பரிசி மா இரண்டு பேணி, அவித்த கோதுமை மா ஒரு பேணி, உப்பு. "தண்ணி எவ்வளவு அப்பம்மா?" என்று மகள் கொப்பியும் பேனையுமாக நின்றாள். "மா சொல்லும் பிள்ளை" என்றார் மாமி. அது பிள்ளைக்கு விளங்கவில்லை. முதல் தடவை தண்ணீரை ஒரேயடியாக ஊற்றி, மா களியாகிவிட்டது. இரண்டாம் தடவை கொதிதண்ணீர் சூடு ஆறிப் போயிருந்தது. மா பிடிபடாமல், அவிந்த பிறகும் உதிர்ந்து தொண்டையில் அடைத்தது. சூடு இருந்தால்தான் மாவில் உள்ள மாப்பொருள் தண்ணீரை இழுத்துப் பசை பிடிக்கும் என்று அப்போதுதான் நான் வாய் திறந்தேன், அதுவும் அவள் கேட்ட பிறகு.

மூன்றாம் தடவை சுடச்சுடத் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டு, அகப்பைக் காம்பால் கிளறினாள். கட்டிகளைப் பேணி விளிம்பால் கொத்துவது மகனின் வேலை. கையில் எடுத்துப் பொத்தினால் பிடிபட வேண்டும், விரலால் தட்டினால் உதிர வேண்டும். அந்தப் பதத்தைத் தன் கையில் கண்டதும் மகள், "அப்பம்மா, மா சொல்லிப்போட்டுது" என்று கத்தினாள். மாமிக்குக் கண் கலங்கிவிட்டது. தேங்காய்ப்பூ கலந்து நீத்துப்பெட்டியில் அவித்தார்கள். ஓலை மணத்தோடு அந்தப் புட்டைச் சாப்பிட்ட நேரம் நான் உண்மையாகவே பெருமைப்பட்டேன்.

அதே நாளில்தான் மகளுக்குச் சூடும் பட்டது. மூடியைத் தன் பக்கமாகத் திறந்ததால் ஆவி மணிக்கட்டில் அடித்துவிட்டது. மாமி பற்பசையோடு வந்தார். நான் அவரை மெல்லத் தடுத்து, கையைக் குழாய்த் தண்ணீருக்குக் கீழே 20 நிமிடம் பிடித்திருந்தேன். சிவந்ததோடு போய்விட்டது. பற்பசை பூசினால் சூடு உள்ளேயே நின்றுவிடும், தோலும் எரியும். மூடியை முகத்துக்கு எதிர்ப்பக்கமாகச் சரித்துத் திறக்க வேண்டும் என்பதை அன்று மகனும் சேர்ந்து பழகிக்கொண்டான்.

சொதி சுலபமாக வந்தது. வெங்காயம், பச்சை மிளகாய், கறிவேப்பிலை, வெந்தயம், மஞ்சள் எல்லாம் இரண்டாம் பாலில் அவிய வேண்டும். பிறகு முதற்பாலை விட்டு, நுரை கட்டும் வரை அகப்பையால் ஆற்ற வேண்டும். பொங்கக் கொதித்தால் பால் திரைந்துவிடும். தேசிப்புளி இறக்கிய பிறகுதான்.

திருவிழா முடிந்த அடுத்த ஞாயிறு கேக். புட்டுக்கு எதிரான சங்கதி இது, இங்கே கைப்பதம் உதவாது. பட்டர், சீனி, கோதுமை மா மூன்றும் 250 கிராம், முட்டை 4, பேக்கிங் பவுடர் 2 தேக்கரண்டி, கொஞ்சம் பால், வனிலா. தராசில் இலக்கம் 250 வரும் வரை மகன் சீனியைச் சிட்டிகை சிட்டிகையாகப் போட்டான். பட்டரும் சீனியும் வெளுத்துப் பொங்கி வரும் வரை அடித்தார்கள். அந்த அடியில் அகப்படுகிற காற்றும் சேர்ந்துதான் கேக்கை எழும்பச் செய்கிறது. முட்டையைக் குளிர்சாதனப் பெட்டியிலிருந்து எடுத்தவுடன் உடைத்து ஊற்றியதால் கலவை திரைந்தது மாதிரி ஆயிற்று. இரண்டு கரண்டி மா சேர்த்து அடிக்கச் சரியாகிவிட்டது.

ஓவனை 180 பாகையில் முன்பே சூடாக்கியிருந்தார்கள். 20 நிமிடத்தில் மகனுக்குப் பொறுமை போய்க் கதவைத் திறந்து பார்த்தான். நடுப்பகுதி இறுகுவதற்கு முன் சூடு இறங்கியதால் கேக் நடுவில் குழி விழுந்துவிட்டது. அவன் அழுதான். நான் குழியில் கை வைக்கவில்லை, மூடி மறைக்க ஐசிங்கும் செய்து கொடுக்கவில்லை. வெட்டிச் சாப்பிட்டோம், சுவை நன்றாகவே இருந்தது. அடுத்த ஞாயிறு ஓவன் முன்னால் கதிரை போட்டு 45 நிமிடம் கண்ணாடிக்குள்ளால் பார்த்துக்கொண்டு இருந்தான். ஈர்க்கு குத்திப் பார்த்தபோது மா ஒட்டாமல் வந்தது.

முதல் கிழமை நான் நின்றது அடுப்புக்குப் பக்கத்தில். புட்டுச் சரிவந்த பிறகு குசினி வாசலுக்கு வந்தேன். இரண்டாவது கேக்கின்போது விறாந்தையில் இருந்தேன். அங்கிருந்தால் மணம் வரும், சத்தம் கேட்கும், கூப்பிட்டால் இரண்டு எட்டில் போய்விடலாம். மீன் வெட்டவும் எண்ணெயில் பொரிக்கவும் அவர்களை இன்னும் தனிய விடவில்லை. அதற்கு நான் பக்கத்தில் நிற்பேன், எத்தனை மாதம் என்றாலும்.

கொப்பியின் புதிய பக்கத்தில் மகன் "இடியப்பம்" என்று எழுதி வைத்திருக்கிறான். நேற்று வெறும் உரலைப் பிழிந்து பார்த்தார்கள். ஒருவருடைய பலம் காணாது, இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் பிடிக்க வேண்டும் என்று தாங்களே முடிவெடுத்திருக்கிறார்கள்.