வீங்கி வடிந்த கட்டி

எங்கள் நாய் ஜிம்மிக்கு வலது தொடையில் ஒரு கட்டி வந்தது. கொண்டைக்கடலை அளவுதான். மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் செம்பனைத் தோட்டத்தை ஒட்டிய வீடு. உண்ணிக்கும் எறும்புக்கும் பஞ்சமில்லை. ஏதோ கடித்திருக்கும் என்று விட்டுவிட்டேன். அம்மா மஞ்சள் பற்றுப் போட்டார். இரண்டு நாளில் வடிந்ததும், "பார்த்தியா, மஞ்சள் கேட்டுடுச்சு" என்று அவருக்கு ஒரே பெருமை.

அடுத்த வாரம் மறுபடி வீங்கியது, மறுபடி வடிந்தது. இப்படியே மூன்று மாதம். நடுவில் ஒரு கிளினிக்கில் காட்டினேன். விரலால் உருட்டிப் பார்த்துவிட்டு, கொழுப்புக் கட்டி என்று அனுப்பிவிட்டார்கள். ஊசியால் உறிஞ்சிச் சோதிக்கவில்லை. அப்படிக் கேட்கலாம் என்பதே எனக்குத் தெரியாது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நன்றாகத் தேய்த்துக் குளிப்பாட்டினேன். சோப்பு நுரை போவதற்குள் கட்டி சிவந்து, சுற்றிலும் தடித்து, நெல்லிக்காய் அளவாகிவிட்டது. ராத்திரி முழுக்க நக்கிக்கொண்டே கிடந்தான். விடிந்ததும் ஈப்போவுக்குக் கிளம்பினோம்.

அங்கே இருந்தவர் சின்ன வயது டாக்டரம்மா. மெல்லிய ஊசியைக் கட்டியில் குத்தி, வந்ததைக் கண்ணாடித் துண்டில் தடவி, சாயத்தில் முக்கி, மைக்ராஸ்கோப்பில் வைத்தார். "அங்கிள், வந்து பாருங்க." வட்ட வட்டமாய் செல்கள், உள்ளே ஊதா நிறப் பொடி, கேழ்வரகை அடைத்த மாதிரி. சிலது உடைந்து பொடி வெளியே சிதறிக் கிடந்தது.

மாஸ்ட் செல் கட்டியாம். ஒவ்வாமை வரும்போது வேலை செய்கிற செல்தான் மாஸ்ட் செல். நாய்களின் தோலில் வரும் புற்றுக்கட்டிகளில் இதுதான் அதிகம். அந்தப் பொடியில் ஹிஸ்டமின் என்ற ரசாயனம் இருக்கிறது. அழுத்தினாலோ தேய்த்தாலோ வெளியே கொட்டி வீங்க வைக்கும், பிறகு தானே வடியும். நாங்கள் குணம் என்று நினைத்ததே நோயின் குணம்தான்! "வாந்தி எடுத்தானா? மலம் கறுப்பாகப் போகுதா?" என்று கேட்டார். ஹிஸ்டமின் வயிற்றில் அமிலத்தைக் கூட்டிப் புண்ணாக்குமாம். இரண்டு தடவை வாந்தி எடுத்திருந்தான். நான் பழியைக் கோழி எலும்பு மேல் போட்டிருந்தேன்.

ஒவ்வாமை மாத்திரை, அமில மாத்திரை கொடுத்து, நிணநீர் முடிச்சுக்குப் பரவியிருக்கிறதா என்றும் சோதித்துவிட்டுத்தான் ஆபரேஷன். கட்டி நெல்லிக்காய், வெட்டி எடுத்ததோ என் உள்ளங்கை அளவு. சுற்றிலும் இரண்டு மூன்று சென்டிமீட்டர், அடியிலும் ஓர் அடுக்கு எடுத்தாக வேண்டுமாம். தொடையானதால் இழுத்துத் தைக்கத் தோல் இருந்தது. பாதத்துக்குப் பக்கத்தில் என்றால் பெரிய பாடு.

லேப் முடிவு வர பத்து நாள். கழுத்தில் மாட்டிய பிளாஸ்டிக் கூம்போடு ஜிம்மி கதவு, நாற்காலி, அம்மாவின் கால் எல்லாவற்றிலும் முட்டினான். ரிப்போர்ட்டில் "இரண்டாம் தரம்" என்று பார்த்ததும் எனக்கு உடம்பு சில்லிட்டது. கட்டியின் தீவிரத்தைக் குறிக்க 1984-இல் வந்த மூன்று தர முறையில் பெரும்பாலான கட்டிகள் அந்த நடுத் தரத்தில்தான் விழும், அதனால் 2011-இல் வந்த இரண்டு தர முறையையும் சேர்த்துப் பார்ப்போம் என்றார் டாக்டர். அதில் குறைந்த தீவிரம். வெட்டிய ஓரங்களிலும் புற்று செல் இல்லை. கீமோ வேண்டாம் என்றுவிட்டார்.

போன மாதம் கழுத்தில் இன்னொரு கட்டி. அம்மா மஞ்சளைத் தேடவில்லை. "தொடாதே, ஊசியில எடுத்துப் பார்க்கச் சொல்லு" என்றார். இந்த முறை நிஜமாகவே கொழுப்புக் கட்டி.