பிளக்கர் எத்தனை செட் வைத்திருக்கிறீர்கள்?

அழகு நிலையத்தில் ஒரு த்ரெட்டிங் (நூலால் புருவ முடி எடுப்பது) முடிக்கப் பத்து நிமிடம். அதற்குப் பயன்படுத்திய கத்திரியையும், முடி பிடுங்கும் இடுக்கியான பிளக்கரையும் முறையாகக் கழுவி, துடைத்து, கிருமிநாசினியில் ஊறவைத்து, அலசி, காயவைத்து எடுக்க இருபது நிமிடம். சனிக்கிழமை சாயங்காலம் மூன்று பேர் வரிசையில் உட்கார்ந்திருக்கும்போது கடையில் ஒரே செட் கருவி இருந்தால் என்ன நடக்கும்? கருவி ஊறாது. ஸ்பிரிட் பஞ்சால் ஒரு இழுப்பு இழுத்துவிட்டு அடுத்த ஆளுக்குப் போய்விடும்.

அழகுக்கலை படிக்கும் பிள்ளைகளுக்குக் கிருமிக்கட்டுப்பாடு சொல்லித்தரும்போது இந்தக் கணக்கிலிருந்துதான் தொடங்க வேண்டும். பாக்டீரியா எத்தனை வகை, வைரஸ் எப்படி இருக்கும் என்பதெல்லாம் இரண்டாம் நாள் பார்த்துக்கொள்ளலாம். முறை தெரியாததால் நடக்கிற தப்பைவிட, முறை தெரிந்தும் கருவி போதாமல் நடக்கிற தப்புதான் பார்லர்களில் அதிகம். ஒரு நாற்காலிக்குக் குறைந்தது மூன்று செட் வேண்டும்: ஒன்று கையில், ஒன்று ஊறலில், ஒன்று மூடிய டப்பாவில் தயாராக. நாலாவது செட்டுக்குக் காசு இருந்தால் இன்னும் நல்லது. முகத்துக்குப் புது கிரீம் வாங்குவதற்கு முன்னால் அதை வாங்குங்கள்.

கழுவுவது, கிருமிநீக்குவது, ஸ்டெரிலைஸ் செய்வது மூன்றும் வேறு வேறு வேலை. கழுவினால் அழுக்கும் எண்ணெயும் தோல் துணுக்கும் போகும். கிருமியும் கொஞ்சம் போகும். கிருமிநாசினியில் ஊறினால் பெரும்பாலான கிருமி சாகும், ஆனால் சில பாக்டீரியாக்கள் கெட்டி ஓட்டுக்குள் உறங்கும் நிலையான வித்துகள் பிழைத்துக்கொள்ளும். வித்துகளையும் சேர்த்துக் கொல்வதுதான் ஸ்டெரிலைஸ். அதற்கு ஆட்டோகிளேவில் (பிரஷர் குக்கர் மாதிரி நீராவியை அழுத்தத்தில் அடைக்கும் கருவி) 121 டிகிரி நீராவி வேண்டும், உறையில் போட்ட கருவிக்கு முப்பது நிமிடம். கொதிக்கிற தண்ணீரில் எவ்வளவு நேரம் போட்டாலும் அது ஸ்டெரிலைஸ் ஆகாது. பொட்டலத்தில் ஒட்டும் ஆட்டோகிளேவ் டேப்பில் கோடு கறுத்துவிட்டால் வேலை முடிந்தது என்று பிள்ளைகள் நினைப்பார்கள். பொட்டலம் சூடுபட்டது என்பதை மட்டும்தான் அந்தக் கோடு சொல்லும்.

முதலில் கழுவுதல். தண்ணீருக்குள்ளேயே வைத்து பிரஷால் தேய்க்க வேண்டும். குழாய்க்கு நேரே பிடித்துத் தேய்த்தால் திவலை முகத்தில் தெறிக்கும். நகத்தோரத் தோலை வெட்டும் நிப்பரின் கீலைத் திறந்து தேய்க்க வேண்டும், அழுக்கு அங்கேதான் ஒளியும். அழுக்கு இருக்கிற இடத்தில் கிருமிநாசினி உள்ளே இறங்காது. பிறகு சோப்பு முழுக்கப் போக அலசித் துடைக்க வேண்டும். இது ஏன் என்று சொல்லாமல் விட்டால் யாரும் செய்ய மாட்டார்கள், ஆகவே காரணத்தையும் சொல்லுங்கள். பார்லர்களில் அதிகம் புழங்குகிற கிருமிநாசினி பென்சல்கோனியம் குளோரைடு வகை. அதில் கிருமியைக் கொல்கிற பகுதிக்கு நேர்மின்சுமை, சோப்புக்கு எதிர்மின்சுமை. இரண்டும் சேர்ந்தால் ஒன்றை ஒன்று பிடித்துக்கொண்டு செயலற்றுப் போகும். ஈரத்தோடு முக்கினால் கரைசல் நீர்த்துப் போகும்.

நம் கோவை, திருப்பூர் பக்கத்துத் தண்ணீரையும் இங்கே சொல்லியாக வேண்டும். சிறுவாணி ஆற்றுக் குடிநீர் வருகிற தெருவில் பிரச்சினை குறைவு. போர்வெல் உப்புத்தண்ணியை நம்பி இருக்கிற இடங்களில் கடினத்தன்மை அதிகம்; அதில் கலக்கும்போது இந்த வகைக் கிருமிநாசினியின் வீரியம் குறையும். எவ்வளவு கடினமான தண்ணீர் வரைக்கும் வேலை செய்யும் என்பது சில லேபிளில் போட்டிருக்கும், பார்த்து வாங்கவும். இல்லையென்றால் ஆர்.ஓ. தண்ணீரில் கலக்கவும். ஆட்டோகிளேவுக்குள் உப்புத்தண்ணி ஊற்றவே கூடாது. ஹீட்டரில் உப்புப் படியும், கருவியில் வெள்ளைத் திட்டு ஏறும், அந்தத் திட்டுக்கு அடியில் அழுக்கு தங்கும்.

இன்னொன்று, திருப்பூர் பக்கத்துக்கே உரிய சிக்கல். பனியன் வேஸ்ட் மலிவாகக் கிடைக்கிறதே என்று எல்லாவற்றையும் அதை வைத்தே துடைப்பது பழக்கம். பருத்தி நூல் பென்சல்கோனியத்தை உறிஞ்சித் தன்னிடமே பிடித்து வைத்துக்கொள்ளும். வாளிக் கரைசலில் பனியன் துணியைக் காலையிலிருந்து ஊறப்போட்டு, மத்தியானம் அதே துணியால் கட்டிலைத் துடைத்தால் துணியில் ஈரம் இருக்கும், மருந்து போதாது. கரைசலை மேசைமேல் நேராக ஸ்பிரே பண்ணி, லேபிளில் சொன்ன நேரம் ஈரமாகவே விட்டு, அப்புறம் துடைக்க வேண்டும். பெரும்பாலான லேபிளில் அது பத்து நிமிடம். ஃபேன் காற்றில் மூன்று நிமிடத்தில் காய்ந்துவிட்டால் மறுபடி ஸ்பிரே பண்ணத்தான் வேண்டும்.

பிளீச் (முகத்துக்குப் போடுவது அல்ல, கிருமி கொல்லும் திரவம்) கணக்கைப் பிள்ளைகள் கையால் அளந்து பழக வேண்டும். சோடியம் ஹைப்போகுளோரைட் 5% பாட்டில் என்றால், ரத்தம் பட்ட இடத்துக்கு 100 மில்லி பிளீச்சும் 900 மில்லி தண்ணீரும் சேர்த்து 0.5% கரைசல். வழக்கமாகத் தரை, தொட்டி துடைக்க 20 மில்லியும் 980 மில்லியும் சேர்த்து 0.1%. பாட்டில் 10% என்றால் பிளீச்சின் அளவு பாதி. மூடியால் அளப்பது, 'ஒரு குத்துமதிப்பா' ஊற்றுவது எல்லாம் வேண்டாம். அளவுக்குடுவை மலிவாகவே கிடைக்கும். லேபிள் இல்லாத கேனில் வாங்குகிற பிளீச் எத்தனை சதவீதம் என்று யாருக்கும் தெரியாது. நல்ல பிளீச்சே வெயிலிலும் சூட்டிலும் வீரியம் இழந்துகொண்டே இருக்கும். தினமும் காலையில் புதிதாகக் கலந்து, பாட்டிலில் தேதி எழுதி, சாயங்காலம் கொட்டிவிட வேண்டும். கத்திரி, நிப்பர் மாதிரி உலோகத்துக்குப் பிளீச் ஆகாது, அரித்துவிடும். பாத்ரூம் ஆசிட் ஊற்றிய இடத்தில் பிளீச் பட்டால் குளோரின் வாயு வரும். ஏசி போட்டு அடைத்த சின்ன அறையில் அது உயிருக்கே ஆபத்து.

டெட்டால், சாவ்லான் இரண்டும் தோலுக்கான ஆன்டிசெப்டிக். ஒரு டம்ளர் தண்ணீரில் நாலு சொட்டு விட்டு வெள்ளையாக்கி, அதில் பிளக்கரை நிறுத்தி வைத்தால் வாசனை வரும். கருவி சுத்தமாகாது. நீல விளக்குப் பெட்டியும் அப்படித்தான். யுவி ஒளி படுகிற பக்கத்தில் மட்டும் வேலை செய்யும். நிழல் விழும் பக்கம், கீலுக்குள், பிரஷ் மயிரிடுக்கில் எட்டாது. ஏற்கெனவே சுத்தம் செய்த கருவியை வைக்க அது ஒரு அலமாரி, அவ்வளவே. ஸ்பிரிட்டில் ஆல்கஹால் 70% இருக்க வேண்டும். 99% வாங்கினால் இன்னும் நல்லது என்பது தப்பு. சட்டென்று ஆவியாகிவிடும், கிருமியின் புரதத்தை உருக்குலைக்கத் தண்ணீரும் தேவை. எரிகிற பொருள் என்பதால் வேக்ஸ் ஹீட்டர் பக்கத்தில் வைக்கவே கூடாது.

இதையெல்லாம் போர்டில் எழுதிப் போட்டால் மனதில் நிற்காது. ஈரோட்டு மஞ்சள்தூளைத் தேங்காய் எண்ணெயில் குழைத்து மாணவிகளின் கையில் பூசி, வழக்கம்போலக் கை கழுவச் சொல்லுங்கள். பிறகு அறையை இருட்டாக்கிக் கள்ளநோட்டு பார்க்கிற யுவி டார்ச்சை அடியுங்கள், கண்ணில் படாமல். மஞ்சளில் உள்ள குர்க்குமின் பச்சை கலந்த மஞ்சளாக ஒளிரும். நகக்கண், கட்டைவிரல் அடி, மோதிரத்துக்குக் கீழே, வளையல் உரசுகிற இடம் எல்லாம் தெரியும். சோப்பு போட்டு நாற்பது முதல் அறுபது வினாடி தேய்த்துக் கழுவச் சொல்வதற்கான காரணம் அந்த ஒரு நிமிடத்தில் புரிந்துவிடும். இதே மஞ்சளை நிப்பர் கீலில் தடவிக் கழுவவைத்துப் பார்க்கலாம். வேக்ஸுக்கும் ஒரு பயிற்சி உண்டு: வாஸ்லின் டப்பாவை வேக்ஸ் என்று வைத்துக்கொண்டு, மஞ்சள் பூசிய கையில் ஸ்பேட்டுலாவால் ஒரு தடவு, மறுபடி டப்பாவில் முக்கு. நாலாவது முக்கில் டப்பா முழுக்க மஞ்சள். வேக்ஸ் சூட்டில் கிருமி செத்துவிடும் என்று வாதம் வரும். தோல் தாங்குகிற சூடு கிருமியைக் கொல்லப் போதாது. ஒரு முக்குக்கு ஒரு குச்சி. தோலைத் தொட்ட குச்சி குப்பைக்கு. மிச்ச வேக்ஸை வடிகட்டி மறுபடி காய்ச்சுவது அறவே கூடாது.

த்ரெட்டிங்கில் நூலைப் பல்லில் கடிப்பது நம்மிடம் ஊறிப்போன பழக்கம். எச்சில் பட்ட நூல், முடி பிடுங்கிய புத்தம்புதுத் துளையில் உரசுகிறது. வாடிக்கையாளர் தோலில் இருக்கிறது நூல் வழியாக நம் வாய்க்கும் வருகிறது. புருவத்தைச் சுற்றி மரு வரிசையாகப் பரவுவதற்கு த்ரெட்டிங் ஒரு காரணம். நூலின் முனையை வளையமாகக் கட்டிக் கழுத்தில் மாட்டிக்கொண்டு செய்யலாம். கைவரப் பழக்கம் வேண்டும், ஆகவே பல்லில் கடிக்கப் பழகுவதற்கு முன்பே முதல் வாரத்தில் இதைச் சொல்லித்தந்துவிட வேண்டும். ஒருவருக்கு ஒரு நூல்.

பெடிக்யூர் தொட்டிதான் எல்லாவற்றிலும் மோசம். 2000ஆம் ஆண்டு கலிபோர்னியாவில் ஒரே நெயில் சலூனுக்குப் போன நூற்றுக்கும் மேற்பட்டவர்களுக்குக் காலில் கொப்புளங்கள் வந்தன. மைக்கோபாக்டீரியம் ஃபார்ச்சுவிட்டம் என்ற தண்ணீர்வாழ் கிருமி. தண்ணீரை உறிஞ்சிச் சுழற்றுகிற தொட்டியின் வடிகட்டித் தகட்டுக்குப் பின்னால் முடியும் தோலும் மக்கிக் கிடந்தன. கிருமி அங்கே குடியிருந்தது. கொப்புளம் வரச் சில வாரம் ஆகும் என்பதால், பார்லரில் வந்தது என்று வாடிக்கையாளருக்கே தோன்றாது. அந்தச் சம்பவத்தில் இன்னொரு பாடமும் கிடைத்தது. பெடிக்யூருக்கு முன்னால் காலைச் சவரம் செய்திருந்தவர்களுக்கு ஆபத்து அதிகமாக இருந்தது. நம் கல்யாண பேக்கேஜில் வேக்ஸும் பெடிக்யூரும் ஒரே நாளில் வருகின்றன. முதலில் பெடிக்யூர், கடைசியில் வேக்ஸ். முந்தின நாள் வேக்ஸ் பண்ணியவரென்றால் பெடிக்யூரைத் தள்ளிப் போடுங்கள்.

தண்ணீரைச் சுழற்றுகிற ஜெட் இல்லாத சாதாரண பிளாஸ்டிக் பேசின் வாங்குவது புத்திசாலித்தனம். ஒவ்வொருவருக்குப் பிறகும் தண்ணீரைக் கொட்டி, சோப்பு போட்டுத் தேய்த்து, அலசி, கிருமிநாசினி நிரப்பிப் பத்து நிமிடம், மறுபடி அலசிக் கவிழ்த்து வைக்க வேண்டும். ஜெட் தொட்டி ஏற்கெனவே இருந்தால் கிருமிநாசினியைப் பத்து நிமிடம் ஓடவிட வேண்டும், தினமும் ராத்திரி தகட்டைக் கழற்றித் தேய்க்க வேண்டும். பாதம் தேய்க்கும் பியூமிஸ் கல், மரக்கைப்பிடி ஃபைல், நகத்தை மெருகேற்றும் பஃபர் இவற்றையெல்லாம் சுத்தம் செய்ய முடியாது. துளை உள்ள பொருள். ஒருவருக்கு ஒன்று, முடிந்ததும் அவரிடமே கொடுத்துவிடலாம்.

மாணவிகள் நோயைக் கண்டுபிடித்துச் சொல்ல வேண்டியதில்லை. செய்யலாமா, வேண்டாமா என்று தெரிந்தால் போதும். படர்தாமரை, பேன், அக்கி, பாலுண்ணி, நகச்சுத்தி, மெட்ராஸ் ஐ இருந்தால் அந்த இடத்தில் கை வைக்காமல் மருத்துவரைப் பார்க்கச் சொல்ல வேண்டும். வெண்புள்ளியும் சோரியாசிஸும் தொற்றாது. அவர்களை ஒதுக்குவது, தனித் துண்டு என்று காட்டிக் காட்டிப் போடுவது கொடுமை. புண் இல்லாத இடத்தில் எல்லாருக்கும் செய்கிற மாதிரிச் செய்யலாம். துண்டு எப்படியும் எல்லாருக்கும் தனித்தனிதானே. ஈரோட்டுச் சந்தையில் வெள்ளைத் துண்டு டஜன் கணக்கில் வாங்கிப் போடுங்கள். அழுக்கு தெரியும், பிளீச் தாங்கும். துவைத்ததை முழுக்கக் காயவைத்து மடிக்க வேண்டும், ஈரத்தோடு அடுக்கினால் பூஞ்சை.

ரத்தம் வந்தால் வேலையை நிறுத்தி, கிளவுஸ் போட்டு, பஞ்சால் அழுத்திப் பிடிக்க வேண்டும். படிகாரக் கல்லை எடுத்துத் தேய்க்காதீர்கள். ஆண்கள் சலூனிலிருந்து வந்த பழக்கம் அது; ஒரே கல் ஊரெல்லாம் சுற்றுகிறது. கல்லீரலைத் தாக்கும் ஹெபடைட்டிஸ் பி வைரஸ் உலர்ந்த ரத்தத்தில் ஏழு நாள்கூட உயிரோடு இருக்கும். படிகாரத் தூளைப் பஞ்சில் தொட்டு வைத்துப் பஞ்சை எறிந்துவிடலாம். பயன்படுத்திய பிளேடைக் குத்துப்படாத கெட்டி டப்பாவுக்குள் போட வேண்டும். மேசையை முதலில் துடைத்து, பிறகு 0.5% பிளீச் பத்து நிமிடம். மாணவி கையில் பயன்படுத்திய பிளேடு கிழித்தால் பிதுக்கக் கூடாது. ஓடுகிற தண்ணீரில் சோப்பால் கழுவிவிட்டு உடனே அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டும். எச்ஐவி தடுப்பு மருந்து 72 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் பலன். எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. எச்ஐவி பரிசோதனை அங்குள்ள நம்பிக்கை மையத்தில் இலவசம். ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசி நாடு முழுக்கக் குழந்தைகளுக்கு வந்தது 2011இல்தான். இப்போது படிக்கிற பல பிள்ளைகள் அதற்கு முன் பிறந்தவர்கள், போட்டிருக்கிறார்களா என்று சேர்க்கையின்போதே கேளுங்கள். இல்லையென்றால் 0, 1, 6 மாதக் கணக்கில் மூன்று ஊசி.

கடைசியாக, மண்டபம். விடியற்கால முகூர்த்தத்துக்கு ராத்திரி மூன்று மணிக்கு மணப்பெண் அறையில் உட்கார்ந்து மேக்கப் போடும்போது குழாயும் இருக்காது, இடமும் இருக்காது. மணப்பெண்ணுக்குப் பிறகு நாத்தனார், சித்தி, சின்னப் பிள்ளைகள் என்று நாற்காலியில் ஆள் மாறிக்கொண்டே இருக்கும். 'அக்கா, இவளுக்கும் கொஞ்சம் மை வெச்சுவுடுங்க' என்று பிள்ளையைக் கொண்டுவந்து நிறுத்துவார்கள். பச்சை மூடி டப்பாவில் சுத்தமான பிரஷ், சிவப்பு மூடி டப்பாவில் பயன்படுத்தியது. சிவப்பிலிருந்து எதுவும் அன்றைக்குத் திரும்பி வராது. லிப்ஸ்டிக்கை ஸ்பேட்டுலாவால் தட்டில் வழித்துத் தட்டிலிருந்து போடுங்கள். மஸ்காராவுக்கு எறிகிற பிரஷ் ஐம்பது எடுத்துப் போங்கள். கண்மைப் பென்சிலை ஒவ்வொருவருக்கும் முன் சீவுங்கள், கடைசியில் சீவியையும் ஸ்பிரிட்டில் துடையுங்கள். ஆடியிலும் மார்கழியிலும் முகூர்த்தம் கிடையாது. பழைய ஸ்பாஞ்சுகளை எறிய, துரு ஏறிய நிப்பரை மாற்ற, மஞ்சள் பயிற்சியை மறுபடி செய்துபார்க்க அந்த இரண்டு மாதம் இருக்கிறது.