தெளிவில்லை

சப்டைட்டில் போடும் வேலையில் நான் சேர்ந்த புதிதில், பழைய அமெரிக்க டிவி நிகழ்ச்சி என்றாலே எல்லோரும் நழுவிவிடுவார்கள். நேரலையாக ஓடியதை டிவி திரைக்கு எதிரே ஃபிலிம் கேமரா வைத்துப் பிடித்த பதிவு அது. படமும் மங்கல், ஒலியும் மங்கல். நிமிடக் கணக்கில் கூலி வாங்குகிறவர்களுக்குக் கட்டுப்படியாகாது. புதுப் பையன் தலையில் கட்டினார்கள்.

முதலில் வந்தது 'வாட்ஸ் மை லைன்?'. விருந்தாளியின் தொழிலை நால்வர் கேள்வி கேட்டே கண்டுபிடிக்க வேண்டும். ஒவ்வொரு 'இல்லை'க்கும் அவருக்கு 5 டாலர். பிரபலம் வந்தால் நால்வரும் கண்ணைக் கட்டிக்கொள்வார்கள். 1957இல் ஓவியர் சால்வடார் டாலி வந்து, ஏறக்குறைய கேட்டதற்கெல்லாம் 'எஸ்' என்று சொல்லி அவர்களைக் குழப்பினார். எனக்குக் கொண்டாட்டம், ஒரே சொல்லை ஒட்டிக்கொண்டே போனேன்.

அப்புறம் 'ஐவ் காட் எ சீக்ரெட்', 1956 பிப்ரவரி 9. இதில் விருந்தாளியின் ரகசியத்தைக் கேள்வி கேட்டே கண்டுபிடிக்க வேண்டும். வந்தவர் சாமுவேல் சீமோர், வயது 95. ஓட்டல் படியில் விழுந்து கண்ணருகே வீங்கியிருந்தது. அப்படியும் வந்து உட்கார்ந்துவிட்டார். 1865இல், ஐந்து வயதில், ஃபோர்ட்ஸ் தியேட்டரில் லிங்கன் சுடப்பட்டபோது அங்கே இருந்தவர். அதுதான் ரகசியம். மேலிருந்து குதித்தவன் கொலையாளி என்று தெரியாமல், யாரோ விழுந்துவிட்டார், உதவ வேண்டும் என்று அந்தக் குழந்தை தவித்ததாம். இதை அவர் முன்பே ஒரு பத்திரிகையில் சொல்லியிருக்கிறார்.

கேள்வி கேட்டவர் நடிகை ஜேன் மெடோஸ். அது இனிமையான அனுபவமா என்கிறார். கிழவர் ஏதோ முனகுகிறார். இரண்டு முறை கேட்டேன், பிடிபடவில்லை. 'தெளிவில்லை' என்று அடைப்புக்குறிக்குள் போட்டு அனுப்பிவிட்டேன்.

சரிபார்க்கும் அக்கா திருப்பி அனுப்பினார். "தம்பி, அந்த மனுஷன் 91 வருஷம் கழிச்சு சொல்றார். நீ ரெண்டு தடவைதான் கேட்டியா?"

அன்றிரவு ஹெட்போனைக் கழற்றவே இல்லை. இருபதாவது முறை போல இருக்கும், புரிந்தது. அவ்வளவு இனிமையானதில்லை, பயந்தே போனேன் என்கிறார்.

நிகழ்ச்சிக்கு விளம்பரதாரர் வின்ஸ்டன் சிகரெட். பெரியவர் சிகரெட் பிடிப்பதில்லை என்பதால், பரிசுப் பணம் 80 டாலரோடு பைப் புகையிலை டப்பா ஒன்றைக் கொடுத்தார்கள். இரண்டு மாதத்தில் இறந்துபோனார்.

எனக்கு அந்த வேலைக்குச் சில நிமிடக் கூலிதான் கணக்கானது.