20-க்கு 6 வாங்கித் தந்த கேள்வி

"போருக்குப் பிறகு ஒரு நாடு தன் கப்பல் சட்டத்தைச் சர்வதேச விதிகளோடு எப்படிப் பொருத்தும்?" எல்.எல்.எம். இன்டர்னலில் இதற்கு நாலு பக்கம் எழுதி 20-க்கு 6 வாங்கியவன் நான். களியக்காவிளையில் பஸ் ஏறித் தம்பானூரில் இறங்கும் வரை உருப்போட்ட சோலாஸ் 1974 (கடலில் உயிர்ப் பாதுகாப்பு), எஸ்டிசிடபிள்யூ 1978 (மாலுமிகளின் பயிற்சி, சான்றிதழ்), மார்போல் (கப்பலால் கடல் மாசாவதைத் தடுப்பது) என்ற சர்வதேச உடன்படிக்கைகள் எல்லாவற்றையும் அப்படியே கொட்டி வைத்திருந்தேன். திருத்தியவர் ஓரத்தில் "சரி, போர் எங்கே?" என்று மட்டும் எழுதியிருந்தார்.

விஷயமே அங்கேதான் இருக்கிறது. சோலாஸின் தொழில்நுட்பத் திருத்தங்களுக்கு ஒவ்வொரு நாடும் சம்மதம் சொல்ல வேண்டியதில்லை, குறித்த நாளுக்குள் போதுமான நாடுகள் ஆட்சேபிக்காவிட்டால் தானாக அமலுக்கு வந்துவிடும். ஊரில் குண்டு விழுந்துகொண்டிருக்கும்போதும் விதி மாறிக்கொண்டே இருக்கும், சட்டப் புத்தகம் மட்டும் நின்ற இடத்திலேயே நிற்கும். சோமாலியாவின் கடல் சட்டம் 1959-ல் வந்தது. 1991-ல் அரசே கவிழ்ந்தது. அதற்கப்புறம் உலகத்தில் கப்பலைப் பாதுகாப்பாக நடத்துவதற்கான ஐஎஸ்எம் விதி 1998-லும், கப்பல், துறைமுகக் காவலுக்கான ஐஎஸ்பிஎஸ் விதி 2004-லும் வந்துவிட்டன. இந்தக் கேள்வி வந்தால் விடையில் இந்த இடைவெளியை முதலில் காட்டுங்கள். பிறகு உடன்படிக்கைக்கு ஒப்புதல், அதற்கேற்ற உள்நாட்டுச் சட்டம், அதை நடத்த ஆள் என்று போங்கள். கடைசியை நான் அடியோடு விட்டிருந்தேன். கப்பலைச் சோதிக்க சர்வேயர் இல்லாத நாட்டில் சட்டத்தை அச்சடித்து என்ன செய்ய? 2016 முதல் ஐ.நா.வின் கடல்சார் அமைப்பான ஐஎம்ஓவின் உறுப்பு நாடுகளுக்குத் தணிக்கை கட்டாயம், அதையும் ஒரு வரி சேருங்கள்.

லைபீரியாவை விட்டுவிடாதீர்கள். 1989-க்கும் 2003-க்கும் இடையில் இரண்டு உள்நாட்டுப் போர், ஆனாலும் கப்பல் பதிவேட்டை அமெரிக்காவில் இருந்து நடத்தியதால் கொடி இறங்கவே இல்லை. அந்தக் கொடி நமக்குத் தெரிந்ததுதான். விழிஞ்ஞத்தில் இருந்து கிளம்பி 2025 மே 25-ல் கொச்சிக்கு அப்பால் மூழ்கிய எம்எஸ்சி எல்சா 3 லைபீரியக் கப்பல். அதன் பிளாஸ்டிக் குருணை குமரிக் கரை வரை ஒதுங்கியது, கேரள அரசு 9,531 கோடி ரூபாய் கேட்டு ஹைகோர்ட்டுக்குப் போனது. "எந்த ஊர்க் கொடியோ, வலையில மாட்டுறது நமக்குல்லா மக்கா" என்றார் வள்ளம் வைத்திருக்கும் சித்தப்பா. அதையே கொஞ்சம் சட்டத் தமிழில் மாற்றி, கொடி நாட்டின் (கப்பலைப் பதிவு செய்த நாட்டின்) பொறுப்பு என்று செமஸ்டரில் எழுதினேன், 14 கிடைத்தது.

சீனியர் நோட்ஸை ஜெராக்ஸ் எடுப்பவர்கள் கவனிக்க: அதில் இந்தியாவின் 1958 வணிகக் கப்பல் சட்டம்தான் இருக்கும், 2025-ல் நாடாளுமன்றம் புதுச் சட்டம் நிறைவேற்றிவிட்டது.