பெர்மிட்டில் ‘பி’, பாஸ்போர்ட்டில் பழனிசாமி

அமெரிக்காவில் டாக்டராக வேலை செய்வதற்கான யூஎஸ்எம்எல்இ தேர்வு எழுதப் போகிற நம்ம பக்கத்துப் பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறேன். எப்படிப் படிப்பது என்று சொல்ல நிறையப் பேர் இருக்கிறார்கள், பெயரைப் பற்றி எனக்கு யாரும் சொல்லவில்லை.

கோபிச்செட்டிபாளையம் பக்கம் எங்கள் ஊர். பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டிலிருந்து எம்ஜிஆர் மருத்துவப் பல்கலைக்கழகம் கொடுத்த டிகிரி வரைக்கும் என் பெயர், பக்கத்தில் ‘பி’ என்று ஒரு இனிஷியல், அவ்வளவுதான். வெளிநாட்டில் படித்த டாக்டர்களுக்குச் சான்று கொடுக்கிற அமெரிக்க அமைப்பான இசிஎஃப்எம்ஜியின் விண்ணப்பத்தில் முதல் பெயர், கடைசிப் பெயர் என்று தனித்தனிக் கட்டம் இருந்தது, டிகிரியைப் பார்த்தபடியே கடைசிப் பெயர் கட்டத்தில் ‘பி’ என்று போட்டுவிட்டேன். பாஸ்போர்ட்டிலோ இனிஷியல் எடுபடாது, விரித்துத்தான் எழுத வேண்டும், அதனால் அதில் சர்நேம் இடத்தில் அப்பா பெயர் பழனிசாமி என்று முழுதாக இருக்கிறது.

தேர்வின் முதல் கட்டமான ஸ்டெப் 1-க்கான பெர்மிட், அதாவது நம்ம ஹால் டிக்கெட் மாதிரி, வந்த அன்று ராத்திரி அதைப் பிரின்ட் எடுத்து, பாஸ்போர்ட்டைப் பக்கத்தில் வைத்து விரலை வைத்து வாசித்தேன். முதல் பெயர் சரி. கடைசிப் பெயரில் விரல் நின்றுவிட்டது. பெர்மிட்டிலேயே விதி போட்டிருக்கிறது: முதல் பெயரும் கடைசிப் பெயரும் அடையாள ஆவணத்தில் உள்ளது போலவே இருக்க வேண்டும். பெரிய எழுத்து, சின்ன எழுத்து வித்தியாசம் பரவாயில்லை, நடுப்பெயர் ஒன்றில் இருந்து இன்னொன்றில் இல்லாவிட்டாலும், இனிஷியலாக இருந்தாலும் பரவாயில்லை. ஆனால் அந்தச் சலுகை நடுப்பெயருக்கு மட்டும்தான், நம்ம இனிஷியல் போய் உட்கார்ந்திருந்ததோ கடைசிப் பெயர் கட்டத்தில். அப்பாவிடம் சொன்னால், “அதே பழனிசாமிதானே அம்மிணி, ஒரு எழுத்துல என்ன வந்துருது?” என்கிறார். நமக்கு அது அப்பா பெயர் என்று தெரியும், தேர்வு நடத்துகிறவர்கள் கண்ணுக்கு ‘பி’ ஒரு ஆள், பழனிசாமி இன்னொரு ஆள்.

பெங்களூரில் தேதி எடுத்திருந்தேன், ஐந்து வாரம்தான் இருந்தது. தேர்வை எழுதி முடிக்கக் கொடுக்கிற எலிஜிபிலிட்டி காலமே மூன்று மாதம், அதைத் தவறவிட்டால் பணம் போகிறதோ இல்லையோ, படித்த வேகம் போய்விடும். அன்றைக்கே பாஸ்போர்ட் நகலோடு பெயரைத் திருத்தச் சொல்லி அனுப்பினேன். திருத்திய பெர்மிட் கிட்டத்தட்ட இரண்டு வாரத்தில் வந்தது. அந்த இரண்டு வாரமும் பயோகெமிஸ்ட்ரி ஒரு பக்கம்கூட மண்டையில் ஏறவில்லை. பழைய பெர்மிட்டைக் கிழித்துப் போட்டுவிட்டேன், மாற்றி எடுத்துக்கொண்டு போய்விடக் கூடாது இல்லையா.

தேர்வு சென்டரில் சோதனை செய்த பெண் பாஸ்போர்ட்டையும் பெர்மிட்டையும் பக்கம் பக்கமாக வைத்து எழுத்து எழுத்தாகப் பார்த்தார், கண்ணாடியைக் கழற்றச் சொன்னார், பாக்கெட்டை வெளியே இழுத்துக் காட்டச் சொன்னார், அப்புறம்தான் உள்ளே விட்டார்கள்.

டிகிரியில் இன்னும் ‘பி’தான். அந்த வித்தியாசத்துக்கும் இசிஎஃப்எம்ஜியில் ஆவணம் கேட்பார்கள். பாஸ்போர்ட்டின் கடைசிப் பக்கத்தில் அப்பா பெயர் இருக்கிறது, அதன் நகலையும், இரண்டு பெயரும் ஒரே ஆள்தான் என்று நோட்டரி வக்கீலிடம் வாங்கிய அஃபிடவிட்டையும் எடுத்து வைத்திருக்கிறேன்.

அதனால் விண்ணப்பத்தைத் திறக்கும்போது டிகிரியை மூடி வைத்துவிடுங்கள், பாஸ்போர்ட்டைப் பார்த்து மட்டும் நிரப்புங்கள். ஓஇடி என்கிற ஆங்கிலத் தேர்வின் பதிவுக்கும் அதே பெயரைத்தான் கொடுங்கள். அப்பா பெயர் ஸ்பெல்லிங்கையும் பாருங்கள், நம்ம பக்கம் பழனிசாமி, பழனிச்சாமி, பழனிஸ்வாமி என்று ஒரே மனிதருக்கு ஆதாரில் ஒன்று, மார்க் ஷீட்டில் ஒன்று இருக்கும். பாஸ்போர்ட்டே தப்பாக இருந்தால் முதலில் அதை மாற்றுங்கள். என்னோடு படித்த பெருந்துறைக்காரர் ஒருவருக்கு முழுப் பெயரும் கிவன் நேமில் இருக்கிறது, சர்நேம் காலி. கோயம்புத்தூர் அவினாசி ரோட்டு பாஸ்போர்ட் ஆபீஸில் ரீ-இஷ்யூவுக்குத் தேதி வாங்கியிருக்கிறார், 36 பக்கத்துக்கு 1500 ரூபாய், தட்கல் என்றால் மேலே 2000. புதுப் பாஸ்போர்ட் கைக்கு வந்த பிறகுதான் விண்ணப்பத்தையே தொடுவேன் என்று சொல்லியிருக்கிறார்.