என் தோளுக்கு ஏற்ற சேர்ட்: தைத்துப் பார்த்த அனுபவம்

என் உயரம் 4 அடி 11 அங்குலம். மார்பளவு 33 அங்குலம். கிழக்கிலங்கையில் களுவாஞ்சிகுடியிலும் கல்முனையிலும் உள்ள துணிக்கடைகளில் பெரியவர்களுக்கென்று தொங்கும் ஆகச் சிறிய சேர்ட்டைப் போட்டாலும் அதன் தோள் தையல் என் மேற்கையில்தான் விழும். சிறுவர் பகுதியில் தேடினால், தோள் பொருந்துகின்ற சேர்ட்டின் கொலரைப் பூட்ட முடியாது, மார்பும் இறுக்கிப் பிடிக்கும்; போதாக்குறைக்கு நெஞ்சில் ஒரு கார்ட்டூன் படமும் இருக்கும். அதனால், வீட்டில் சும்மா கிடந்த அம்மாவின் கால் மெசினுக்கு எண்ணெய் விட்டு, வாங்கிய சேர்ட்டுகளை நானே திருத்தத் தொடங்கினேன்.

கல்முனையில் எனக்குப் பழக்கமான தையற்காரக் காக்கா (முஸ்லிம் அண்ணன்) ஒருவர், "தம்பி, தோளப் பாத்து எடுங்க, மத்ததெல்லாம் பிறகு பிடிக்கலாம்" என்றார். ரெடிமேட் சேர்ட்டைப் பிரித்துப் பார்த்தால்தான் அந்தச் சொல்லின் பெறுமதி விளங்கும். பக்கத் தையலை உள்ளே பிடிப்பதற்கு நேரான ஒரு ஓட்டம் போதும். தோளைக் குறைப்பதற்கோ கையை முழுதாகக் கழற்றி, உடல் துண்டின் வளைவைப் புதிதாக வெட்டி, அந்த வளைவுக்கேற்பக் கையின் தலைப்பகுதியையும் திருத்திப் பொருத்த வேண்டும். நீளத்தைக் கீழே வெட்டிக் குறைப்பது இலகுதான், ஆனால் பொக்கற் இருந்த இடத்திலேயே நின்றுவிடுவதால், குட்டையான சேர்ட்டில் அது வயிற்றுக்கு இறங்கிவிட்டதுபோலத் தோன்றும். பொக்கற் இல்லாத சேர்ட்டையே நான் இப்போது தேடி எடுப்பதற்குக் காரணம் இதுதான்.

தோளைவிடப் பெரிய சிக்கல், சேர்ட்டின் கையைப் பொருத்தும் திறப்பான கைக்குழியில் இருக்கிறது. கண்ணாடிக்கு முன் கைகளைத் தொங்கவிட்டு நிற்கும்போது அது கண்ணுக்குப் படுவதில்லை. உயரமானவருக்கு வெட்டிய சேர்ட்டில் கைக்குழி ஆழமாக இருக்கும். அது என் அக்குளுக்கு வெகு கீழே உடலோடு இணைவதால், பேருந்தில் மேற்கம்பியைப் பிடிக்கக் கையை உயர்த்தினால், கையோடு சேர்ந்து சேர்ட் முழுவதும் மேலே ஏறி இடுப்பிலிருந்து வெளியே வந்துவிடும். பக்கத்தை எவ்வளவு பிடித்தாலும் இது சிறிதளவே குறையும், ஏனெனில் குழிக்காக வெட்டி எறியப்பட்ட துணியை எவராலும் திரும்ப ஒட்ட முடியாது. தோள் தையலைப் பிரித்து உடலை மேலே தூக்கித் தைக்கலாம்தான். ஆனால் அப்படிச் செய்தால் கழுத்து வளைவும் கொலரும் கூடவே மாறிவிடும். அவ்வளவு வேலைக்குப் புதிதாகவே வெட்டிவிடலாம் என்பது என் முடிவு.

நீளக் காற்சட்டையிலும் கதை ஏறத்தாழ இதுவே. கீழே வெட்டினால், முழங்காலுக்கென ஒடுக்கிய இடம் கெண்டைக்காலுக்கு இறங்கி, காலின் கீழ்த்திறப்பும் அகன்றுவிடும். முழங்காலிலிருந்து இரு பக்கத் தையலையும் மீண்டும் ஒடுக்கினால் சரியாகிறது.

புதிதாக வெட்டுவதற்கு பிறவுண் பேப்பரில் அளவு வரைந்தேன். தையல் வகுப்புகளில் சொல்லித்தரும் முறைப்படி, மார்பளவில் நாலில் ஒரு பங்கைக் கைக்குழியின் ஆழமாக எடுத்தால் எனக்கு 8¼ அங்குலம் வருகிறது. அக்குளுக்குக் கீழே ஒரு நாடாவைச் சுற்றிக் கட்டி, தோளிலிருந்து அந்த நாடா வரை அளந்து, அசைவதற்குரிய தளர்வையும் சேர்த்தபோது 7¼ அங்குலமே தேவைப்பட்டது. அந்த ஒரு அங்குலம்தான் இவ்வளவு காலமும் என்னைப் படுத்தியது. அம்மாவின் பழைய பருத்திச் சேலை ஒன்றில் வெட்டி, மெசினில் ஓட்டாமல் கையால் நூலோடி, போட்டபடி கையை உயர்த்திப் பார்த்தேன். இடுப்பு விளிம்பு அதிகம் அசையவில்லை. கைக்குழி சிறுத்துவிட்டதால், கையின் தலைப்பகுதியின் வளைவை அளவு நாடாவை நிமிர்த்திப் பிடித்து அளந்து, குழியின் சுற்றளவோடு ஒப்பிட்டுச் சரிசெய்ய வேண்டியிருந்தது. ஆழத்தை மட்டும் குறைத்துவிட்டுக் கையைப் பழைய அளவிலேயே வைத்தால் தோளில் சுருக்கம் விழும்.

நல்ல துணிக்கு மருதமுனைக்குப் போனேன். அங்கு நெய்யும் கைத்தறிப் பருத்தி இந்த ஊர் வெக்கைக்கு உகந்தது. ஆனால் முதல் சலவையில் சுருங்கும். ஆகையால் வெட்டுவதற்கு முன் இரவு முழுவதும் தண்ணீரில் ஊறவைத்துக் காயப்போட்டேன். கச்சான் காற்று வீசும் மாதமென்றால் காய்வதற்கு அதிக நேரம் வேண்டாம். வெட்டிய ஓரத்தில் நூல் பிரிவதால், பக்கத் தையலின் ஒரு ஓரத்தை மற்றதற்குள் மடித்து இரண்டு ஓட்டம் போட்டேன். பெரிய கட்டங்கள் சிறிய உடம்பில் இரண்டு மூன்றோடு முடிந்து, எடுப்பாக இருக்காது. ஒடுங்கிய கோடுள்ள துணியையே எடுத்தேன். என் அளவுக்கு ஒன்றரை மீற்றரில் அரைக்கைச் சேர்ட் ஒன்று தாராளமாக அமைகிறது. துணி வாங்கும்போது மட்டுமாவது இந்த உடம்பினால் ஒரு இலாபம்!

தோள், கைக்குழி, நீளம் மூன்றும் இப்போது சரி. கொலரின் அடிப்பட்டி மட்டும் இடப்பக்கத்தில் சற்றுத் தூக்கி நிற்கிறது. அடுத்ததில் உள்ளே வைக்கும் விறைப்புத் துணியைத் தையல் விளிம்புக்கு உள்ளே நிற்கும்படி வெட்டி ஒட்டப் பார்க்கிறேன்.